பெட்டி கூடினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருநெல்வேலி – செங்கோட்டை பயணிகள் ரயில்களில் கூடுதல் பெட்டிகள் வேண்டும் என்ற கோரிக்கை பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். கோரிக்கை நியாயமே. ஆனால் பெட்டி கூடினால் அது எங்கே போய் நிற்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். குறுகலான மீட்டர்கேஜ் பாதையாக இருந்த இத்தடம் 2012-இல் அகலப்பாதையானது. பழைய மீட்டர்கேஜ் பெட்டிகளைவிட இன்றைய பெட்டிகளின் வாசல் உயரம் அதிகம். உயர்மட்ட நடைமேடை என்றால் தண்டவாள மட்டத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும் என்பது ரயில்வேயின் அளவு. நான் தினமும் ஏறும் சிறு நிலையத்தில் நடைமேடையின் ஒரு பகுதிதான் அந்த உயரத்தில் இருக்கிறது. மிச்சமெல்லாம் சரளைத் தரை.

சென்ற ஆனியில், சாரல் தூறிய ஒரு காலையில், திருநெல்வேலி டவுனுக்குப் போகப் பூக்கூடையோடு வந்த அறுபது வயது அம்மாள் ஒருவருக்குக் கடைசிப் பெட்டிதான் வாய்த்தது. கூடையை இரண்டு பேர் தூக்கிக் கொடுத்தோம். அவரைத் தூக்கிவிட மூன்று பேர் தேவைப்பட்டது. வண்டி நிற்பதோ ஒரு நிமிடம். (கூடை முதலில் ஏறிவிட்டதால் அவர் பட்ட பதற்றத்தைச் சொல்லி முடியாது.) எனவே பெட்டிகளைச் சேர்க்குமுன் சிறு நிலையங்களின் நடைமேடைகளை முழு நீளத்துக்கும் உயர்த்த வேண்டும். அதுவரை, முதியோரும் சுமையோடு வருவோரும் ஏறும் பெட்டிகள் உயர்ந்த பகுதியில் நிற்கும்படி, எஞ்சின் நிற்கும் இடத்தையாவது மாற்றிக் குறிக்கலாம்.

– தினசரி ரயில் பயணி,
அம்பாசமுத்திரம் வட்டம்.