காலி நாற்காலி மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணர்வுகளைப் பேசுவதோடு நில்லாமல் அமர்விலேயே உணரவைக்கும் அனுபவ வழி உளச்சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை பயனுள்ளது. ஆயினும் உள்ளே அடக்கியதைக் கொட்டிவிட்டாலே குணமாகும் என்ற எண்ணத்தை அது வாசகர்களிடம் விதைத்துவிடுமோ என்று, மனநல ஆலோசகரான எனக்கு ஐயம் எழுகிறது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸுடன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூஜின் ஜென்ட்லின், சிகிச்சை அமர்வுகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, பயனடைந்தவர்கள் சரளமாகப் பேசியவர்கள் அல்லர், இடையில் நிறுத்தி, உடலுக்குள் மங்கலாக உணர்ந்ததற்குச் சொல் தேடித் தடுமாறியவர்களே என்று கண்டார். 'நெஞ்சை அடைக்கிறது', 'வயிறு எரிகிறது' என்று உடலைக் கொண்டே மனத்தைச் சொல்லிப் பழகிய நமக்கு இது புதிய செய்தியன்று. அப்படிச் சொன்னவரை அந்தச் சொல்லோடு சற்று நேரம் இருக்கவிடாமல், 'எல்லாம் சரியாகிவிடும்' என்று வாயடைத்துவிடுவதுதான் (ஆலோசகர்களாகிய எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்) நம் வழக்கம்.

இறந்த தந்தையோ பிரிந்த துணையோ எதிரே காலி நாற்காலியில் அமர்ந்திருப்பதாகக் கொண்டு பேசவைக்கும் உத்தியை, ஃபிரிட்ஸ் பெர்ல்ஸின் கெஸ்டால்ட் என்னும் உளச்சிகிச்சை முறையிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்தியவர் டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி கிரீன்பெர்க். இவ்வழியில் வந்த சிகிச்சை, மனச்சோர்வுக்கு, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையான பலன் தந்ததாக ஜீன் வாட்சன் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 66 பேர்தாம். அமர்வுகளோ ஒவ்வொருவருக்கும் 16. பதற்றக் கோளாறுகளில் அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்கே சான்றுகள் வலுவாக உள்ளன.

கொட்டித் தீர்ப்பதற்கு வருகிறேன். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம், எதுவும் செய்யாமல் அமர்ந்திருந்தவர்களின் கோபத்தைவிட மிகுதியாகவே இருந்தது. ஸ்டான்போர்டு மாணவர்களின் உணர்வுப் பகிர்வுக் குழுக்களை ஆராய்ந்து லீபர்மன், யாலம், மைல்ஸ் ஆகியோர் 1973இல் வெளியிட்ட முடிவுகளும், சீண்டியும் நெருக்கியும் உணர்ச்சியைக் கிளறிய நடத்துநர்களிடம் மனப்பாதிப்புக்கு உள்ளானோர் கூடுதல் என்று எச்சரித்தன.

இதை எழுதத் தூண்டியவை, 'இரண்டே நாளில் மனக்காயம் ஆறும்' என்ற வகையில் வரும் வார இறுதிப் பயிலரங்கு விளம்பரங்கள். ஞாயிறு மாலை அழுதபடி வீடு திரும்பியவர், திங்கட்கிழமை நிலைகுலைந்தால் யாரை அழைப்பது என்று அவற்றில் ஒரு வரிகூட இருப்பதில்லை. இத்தகைய விளம்பரங்களை ஏற்குமுன், நடத்துபவரின் கல்வித் தகுதியையும் தொடர் அமர்வுகளுக்கான ஏற்பாட்டையும் குறிப்பிடுமாறு தங்கள் அலுவலகம் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர் ஒருவர்,
மதுரை.