கால்சட்டையை முடிவு செய்யுமுன்: எங்கள் சாரணர் படைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பள்ளிச் சாரணர் படையின் பொறுப்பாசிரியர்களுக்கும், சீருடைக்கென அமைக்கப்பட்டுள்ள குழுவின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த சனிக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்தில் மேசைமீது மூன்று கால்சட்டைகளை விரித்து வைத்து, வரும் கல்வியாண்டிலிருந்து படை முழுவதற்கும் எது பொருந்தும் என்று எங்களிடம் கேட்டீர்கள். ஒன்று, முட்டிக்கு மேல் நிற்கும் பழைய அரைக்கால் சட்டை. இரண்டாவது, கடைகளில் இப்போது ‘நேரோ’ என்று சொல்லி விற்கிற, கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் முழுக்கால் சட்டை. மூன்றாவது, தொடையில் ஜிப் வைத்து, வேண்டாதபோது கீழ்ப்பகுதியைக் கழற்றி எடுத்துவிடக்கூடிய ஆறு பாக்கெட் கால்சட்டை. கை தூக்கச் சொன்னபோது பெரும்பாலான கைகள் இரண்டாவதற்கே உயர்ந்தன. என் கையும் அவற்றில் ஒன்று. மறுநாள் என் மூத்த மகனின் கால்சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் அவசரப்பட்டுவிட்டோம் என்று உறைத்தது.

அதுவும் ‘நேரோ’தான். கவட்டுத் தையல் மூன்று விரல் நீளத்துக்குப் பிரிந்து, நூல் தொங்கிக்கொண்டிருந்தது. விசாரித்தால், முகாமில் நுழைவாயில் வளைவுக்காகக் குத்தவைத்து உட்கார்ந்து, குறுக்காக வைத்த மூங்கில்களைக் கயிற்றால் இறுக்கும் சதுரக் கட்டுப் போடும்போது பிரிந்ததாம். மதியம்வரை துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டே நடமாடியிருக்கிறான். தைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். குத்தவைக்கும்போது துணி முழங்காலின்மேல் ஏறிக் கொடுக்க வேண்டும். கால்முனைச் சுற்றளவான ‘பாட்டம்’ 12 அங்குலமாகக் குறுகிவிட்டால் ஆடுதசையிலேயே மாட்டிக்கொண்டு ஏற மறுக்கிறது, அந்த இழுப்பு முழுவதும் கவட்டுக்குப் போகிறது. வகுப்பில் பெஞ்சில் உட்காரும் பையனுக்கு அந்த வெட்டு போதும். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, மண்டியிட்டு, கயிறேறும் பையனுக்குப் போதாது.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் விதிப்படி சாரணருக்குச் சாம்பல் நிறச் சட்டையும் நேவி ப்ளூ கால்சட்டையும். அந்தக் கால்சட்டை அரையாகவும் இருக்கலாம், முழுதாகவும் இருக்கலாம். ஆகவே, “இயக்கமே முழுக்கால் சட்டைக்கு மாறச் சொல்கிறது” என்று கூட்டத்தில் ஒருவர் கூறியதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தேர்வு நம் கையில்தான் இருக்கிறது.

அரைக்கால் சட்டைக்காக உருகுகிறவர்களையும் நான் அறிவேன். நானே அரைக்கால் சட்டைச் சாரணனாக வளர்ந்தவன்தான். கஞ்சி போட்டு மொறமொறவென்று நிற்கும் அந்தக் கால்சட்டையும், முட்டிவரை இழுத்துவிட்ட காலுறை நழுவாமலிருக்கப் போட்ட ரப்பர் பேண்டு சாயங்காலம் விட்டுப்போகும் சிவந்த வளையமும் இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் அதை மாற்றக்கூடாத மரபென்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. அரைக்கால் சட்டையை உலகமெங்கும் சாரணர்களின் அடையாளமாக்கிய, இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவலின் சொந்த நாடான பிரிட்டனிலேயே, 1966இல் வெளிவந்த சீர்திருத்த அறிக்கை முழுக்கால் சட்டையைப் பரிந்துரைத்தது; மறு ஆண்டிலிருந்தே மாற்றம் தொடங்கியது. நம்மிடமும் அப்படித்தான்: 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் தொடங்கிய இந்தியச் சாரணர் சங்கம் ஆங்கிலேயர் சீருடையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தலைப்பாகையைச் சேர்த்துக்கொண்டது. சீருடை அந்தந்த மண்ணுக்கும் வேலைக்கும் ஏற்ப மாறி வந்திருக்கிறது. இப்போது நாம் பார்க்க வேண்டியதும் அவ்விரண்டைத்தான்.

மண் என்று பார்த்தால், நம் பிள்ளைகள் நடைப்பயணம் போகும் கண்மாய்க் கரையெல்லாம் சீமைக் கருவேலமும் நெருஞ்சியும்தான். முள் கீறலாவது இரண்டு நாளில் ஆறிவிடும். மழைக்காலத்துக்குப் பின் புதர்களில் இருக்கும் நுண்ணிய பூச்சிகள் கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் அப்படியல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில், அதுவும் பெரும்பாலும் முட்டிக்குக் கீழேதான் கடிக்கிறது. புதர்ப் பாதைக்கு முழுக்கால் சட்டை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அதே சமயம், கோடை முகாமில் நனைந்த முழுக்கால் சட்டையோடு அரை நாள் திரிந்து தொடையிடுக்கு வெந்துபோன பையனைக் கேட்டால் அவன் வேறு பதில் சொல்வான். மணப்பாறையில் 2025 ஜனவரி இறுதியில் நடந்த வைர விழாப் பெருந்திரளணியை (ஜம்போரியை) பார்க்கப் போயிருந்தபோது, ஏறு வெயிலில் அரைக்கால் சட்டைக்காரர்கள் எவ்வளவு இலகுவாக ஓடித் திரிந்தார்கள் என்பதைப் பொறாமையோடு கவனித்தேன்.

இந்த இரண்டு நன்மையையும் ஒரே துணியில் தருகிறது என்றுதான் மூன்றாவது மாதிரி சிலரைக் கவர்ந்தது. அமெரிக்கச் சாரணர் இயக்கம் 2008இல் கொண்டுவந்த சீருடையில் இவ்வகை நைலான் கால்சட்டை இடம்பெற்றது; அங்குள்ள ஏரிகளுக்கும் மலைப்பாதைகளுக்கும் அது நன்றாகவே உதவும், சீக்கிரம் காய்ந்தும்விடும். நமக்கு வேண்டாம் என்கிறேன். நம் புழுதியில் ஜிப்பின் பல்லில் மணல் ஏறினால் இழுவை பாதியில் நின்றுவிடும். கழற்றிய ஒற்றைக் கால் முகாம் முடிவதற்குள் காணாமல் போகும். தைத்துத் தரவோ ஜிப் மாற்றவோ நம் ஊர்த் தையற்காரர் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, தீப்பொறி பட்டால் பருத்தி கருகும், நைலான் உருகித் தோலில் ஒட்டும். முகாம் தீயைச் சுற்றி உட்காரும் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஆயத்த ஆடையாக எதையும் மொத்தமாக வாங்காதீர்கள். பருத்தி கூடுதலாகக் கலந்த நேவி ப்ளூ துணியை ஒரே தானில் வாங்கிப் பிரித்துக் கொடுங்கள். நிறம் ஆளுக்கொரு விதமாக வெளிறுவது அதனால் குறையும். தையல் அவரவர் தெருத் தையற்காரரிடமே நடக்கட்டும், ஆனால் நான்கு அளவுகளை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: பாட்டம் 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது; தொடைச் சுற்றில் நான்கு விரல் தளர்வு வேண்டும்; கீழ் மடிப்பு 3 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும்; இடுப்பின் பின்தையலில் பிரித்துவிட 2 அங்குலத் துணி விட வேண்டும். பாக்கெட், விசிலும் கயிறும் குறிப்பேடும் உட்கார்ந்தாலும் நழுவாத ஆழத்துக்கு இருந்தால் போதும், ஆறு வேண்டாம்.

அரைக்கால் சட்டைக்குத் தனியே செலவே தேவையில்லை. 12 வயதுப் பையன் ஓராண்டில் மடிப்பு முழுவதையும் பிரித்துவிட்டு அதற்கு மேலும் வளர்ந்துவிடுகிறான். அப்போது அதே கால்சட்டையை முட்டிக்கு மேல் வெட்டி, ஓரம் மடித்து அடித்து, பின்தையலைப் பிரித்து விட்டால் முகாமுக்கும் விளையாட்டுக்கும் ஓர் அரைக்கால் சட்டை கிடைத்துவிடும். என் மனைவி இளையவனுக்கு இப்படித்தான் அரை மணி நேரத்தில் செய்து முடித்தார். புதிதாகச் சேர்பவனுக்கு முதல் ஆண்டு இது கிடைக்காது என்பது உண்மைதான். அண்ணன்மார் விட்டுச் சென்றவற்றைப் படை அலமாரியில் சேர்த்து வைத்தால் அதுவும் சமாளிக்கக் கூடியதே.

கொடியேற்றம், அணிவகுப்பு ஆகியவற்றுக்கு எல்லோரும் முழுக்கால் சட்டை. முகாமில் அன்றைய வேலையைப் பொறுத்து அரையா முழுதா என்பதை அணித் தலைவர்களே பேசி முடிவு செய்யட்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: முழுக்கால் சட்டையே வேண்டும் என்று கேட்கும் பையனிடம் எந்த நாளிலும் காரணம் கேட்க வேண்டாம். கெண்டைக்காலில் வெந்நீர் கொட்டிய தழும்புள்ள ஒரு சிறுவன், அரைக்கால் சட்டை நாட்களில் மட்டும் வயிற்றுவலி என்று விடுப்பு எடுத்ததை நம் படையில் பலர் பார்த்திருக்கிறோம். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. ஆனாலும் அவன் வரவில்லை.

துணிக்கு முன்பணம் கொடுக்குமுன், இரண்டாவது மாதிரியையும் நான் சொன்ன அளவில் தைத்த ஒன்றையும் அடுத்த சனிக்கிழமைப் பயிற்சிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பையன்கள் அவற்றை அணிந்து, பேடன் பவலின் ஆறு பயிற்சிகளான பி.பி. சிக்ஸ் உடற்பயிற்சியை முடித்து, குத்தவைத்து ஒரு சதுரக் கட்டும் போடட்டும். தையற்கூலியை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள், இம்முறை பிள்ளைகளையும்.

இப்படிக்கு,
இரண்டு சாரணர்களின் தந்தை