சிவந்த வால் இரண்டு மீனுக்கும் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரின் வண்ணமீன் பக்கத்தில் ‘அமேசான் ரெட்டெயில்’ (சிவப்பு வால் கெளுத்தி) என்ற பெயரோடு வந்த படத்தில் இருப்பது அமேசான் மீன் அல்ல. அது மேக்கோங் ஆற்றின் ஆசிய ரெட்டெயில். நம் பாசாரில் குழம்புக்கு வாங்கும் பாவுங் மீனுக்கு நெருங்கிய உறவு. இரண்டின் குஞ்சுகளையும் கடைகளில் ‘ரெட்டெயில்’ என்றே சொல்லிக் கொடுப்பதுண்டு என்பதால், வித்தியாசத்தை விளக்கமாக எழுதுகிறேன்.

வாலின் நிறத்தைப் பார்த்து முடிவுசெய்வதில்தான் பிசகு தொடங்குகிறது. குஞ்சில் அந்தச் சிவப்பு முழுதாக ஏறியிருக்காது. வளர்ந்த பிறகோ இரண்டுக்கும் சிவப்புதான். எண்ண வேண்டியது மீசையை. அமேசான் மீனுக்கு மூன்று ஜோடி: மேல்தாடையில் ஒன்று, மோவாயில் இரண்டு. ஆசிய மீனுக்கு இந்த மூன்றோடு மூக்குத் துளையை ஒட்டி இன்னொரு ஜோடி உண்டு. அது நூல்போல மெல்லியது, நீளமும் குறைவு. பெரும்பாலும் தலையோடு படிந்து கிடப்பதால் மேலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படாது. உங்கள் படத்தில் இடது கண்ணுக்குச் சற்று முன்னால் அந்த நூல் தெளிவாகவே தெரிகிறது.

கடையில் பார்க்கும்போது வலையில் அள்ளச் சொல்லாதீர்கள். கெளுத்தி இனத்துக்குப் பக்கத் துடுப்பின் முன்னால் முள் உண்டு. அது வலைக்கண்ணில் மாட்டினால் பிரித்தெடுப்பதற்குள் மீனுக்குக் காயம். தண்ணீரோடு ஒரு தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்து, மீன் அடங்கியதும் முன்பக்கமாகப் பாருங்கள். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மூக்கு மீசை நிழலோடு எழும்பித் தெரியும். இரு பக்கமும் எண்ணுங்கள். கூரான சரளைக்கல் போட்ட தொட்டியில் இருந்த மீனுக்கு மீசை தேய்ந்தோ அறுந்தோ போயிருக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும்.

சந்தேகம் தீராவிட்டால் வாலின் வடிவத்தைப் பாருங்கள். ஆசிய மீனின் வால் நன்றாகப் பிளந்து இரண்டு மடலாக இருக்கும். அமேசான் மீனுக்கு நடுவில் லேசாக உள்வாங்கியிருக்கும், அவ்வளவே. அமேசான் மீனுக்குக் கறுத்த முதுகின் கீழே வாயிலிருந்து வால்வரை அகலமான வெள்ளைப் பட்டை ஓடும். ஆசிய மீனுக்கு உடம்பு சாம்பல், வயிறு வெளுப்பு, நடுவில் பட்டை கிடையாது.

மீசைக் கணக்கு கைகொடுக்காத இடமும் உண்டு. அமேசான் ரெட்டெயிலையும் டைகர் ஷவல்நோஸ் என்ற இன்னொரு கெளுத்தியையும் சேர்த்துப் பண்ணையில் உண்டாக்கும் கலப்பினத்துக்கும் மூன்று ஜோடிதான், ஏனென்றால் பெற்றோர் இரண்டுமே ஒரே குடும்பம். அங்கே முகவாய் தட்டையாக நீண்டிருக்கிறதா, விலாவில் கறுப்புக் கோடோ புள்ளியோ இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ‘ஷார்க்’ என்று விற்கும் பாத்தின் என்ற கெளுத்தி வகைகளுக்கோ இரண்டே ஜோடி மீசை. அவற்றில் முதுகுத் துடுப்பின் முன்கதிர் நூலாக நீண்டிருந்தால் அது பாரூன் என்ற வகையாக இருக்கலாம். வளர்ந்தால் ஆள் நீளத்தைத் தாண்டும்.

அதே பக்கத்தில் ‘நான்கு அடித் தொட்டி போதும்’ என்று எழுதியிருப்பதையும் திருத்த வேண்டும். இரண்டு ரெட்டெயிலும் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியவை. வழக்கமான நான்கு அடித் தொட்டியின் அகலம் ஒன்றரை அடி, அதாவது சுமார் 45 செ.மீ. அதில் 60 செ.மீ. மீன் சிரமமின்றித் திரும்ப முடியாது. கண்ணாடியில் இடித்து இடித்து மூக்கு புண்ணாகும். கழிவு கூடித் தண்ணீரில் அம்மோனியா ஏறும். கூடவிடும் மீன்களுக்கும் இனம் தெரிந்தாக வேண்டும். அமேசான் மீன் வாய்க்குள் போகும் எதையும் விழுங்கிவிடும், கூழாங்கல் உட்பட. பாவுங் வகையான ஆசிய மீனோ இடம்பிடித்துக்கொண்டு, விழுங்க முடியாத மீனையும் கடித்து விரட்டும்.

தொட்டி கொள்ளாமல் போனால் ஆற்றில் விட்டுவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் இன்று வலை போட்டால் ஏறுகிற, தொட்டிப் பாசி தின்னும் இக்கான் பண்டாராயா மீனும் ஒரு காலத்தில் யாரோ தொட்டிக்கு வாங்கிய குஞ்சுதான்.

வரும் ஞாயிறு மலரில் படத்தின் பெயரைத் திருத்தி, இரண்டு மீன்களின் முகத்தையும் முன்பக்கமாக எடுத்த படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூக்கருகே ஓர் அம்புக்குறி இட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்