பானையை வைத்து இனத்தைச் சொல்லலாமா?

ஆசிரியருக்கு, வணக்கம். ஆதிச்சநல்லூர் தாழிகளில் புதைக்கப்பட்டவர்கள் எந்த இனம் என்று ஆராயும் கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். கறுப்பு-சிவப்புப் பானையை ஓர் இனத்தின் அடையாளமாகவே அது எடுத்துக்கொண்டதை ஏற்க முடியவில்லை. குஜராத், வங்காளம், இலங்கை என வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் கிடைத்த பானை வகை அது. ஐரோப்பாவின் பழங்கால மணி வடிவக் குவளைகளைப் பற்றி 2018இல் வெளியான மரபணு ஆய்வு இதற்கு நல்ல பாடம். ஐபீரியாவுக்கும் (ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதி) மத்திய ஐரோப்பாவுக்கும் இடையே குவளைப் பாணிதான் பரவியது, மக்கள் பெரிதாக இடம்பெயரவில்லை. பிரிட்டனிலோ அந்தக் குவளைகள் வந்த சில நூற்றாண்டுகளில் மக்களின் மரபணுவில் சுமார் 90 விழுக்காடு மாறிவிட்டது. சரி, மரபணுவாவது முடிவாகச் சொல்லுமா? அது வம்சாவளியைச் சொல்லும். பேசிய மொழியைச் சொல்லாது.

வரலாற்று ஆசிரியரான நான் மாணவர்களை ஆதிச்சநல்லூருக்கு அழைத்துச் சென்றபோது, கண்ணாடித் தளத்துக்குக் கீழே தாழிகளைப் பார்த்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இவங்க நம்ம ஆளுங்களா சார்?" என்பதுதான். அந்த ஆர்வம் மதிக்கத்தக்கது. அதற்காகவே, அகழாய்வுச் செய்திகளில் காலக்கணிப்பு, மரபணு, எழுத்துப் பொறித்த ஓடு ஆகியவற்றில் எது எதை நிறுவுகிறது என்று தனிப் பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை