கேமராவும் மென்பொருளும் விற்றது நீங்கள், இரண்டும் இணையவில்லை என்றால் கேட்க வேண்டியது யாரை?

அனுப்புநர்: இயந்திரக் கட்டுமானப் பிரிவுப் பொறுப்பாளர், புக்கிட் மின்யாக், பினாங்கு
பெறுநர்: விற்பனை மேலாளர், கோலாலம்பூர் அலுவலகம்
பொருள்: கொட்டேஷனில் சொன்னபடி இணையாத இரண்டு கிக்இ விஷன் கேமராக்களும் இமேஜ் பிராசஸிங் மென்பொருளும்

வணக்கம் சார்.

ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வருகிறது. இந்த வியாபாரத்தை நீங்களும் நானும் தமிழில் பேசித்தான் முடித்தோம், அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள், பாதியில் சப்போர்ட் பிரிவுக்குத் தள்ளிவிடாதீர்கள்.

கனெக்டர் பின்களைப் படம் பிடித்துச் சோதிக்கும் எங்கள் இயந்திரத்துக்காக உங்களிடம் வாங்கியது 5 மெகாபிக்சல் கேமரா இரண்டு, லென்ஸ்கள், உங்கள் மென்பொருளின் லைசென்ஸ், அதை ஓட்டுவதற்கு ஒரு தொழிற்சாலைக் கணினி. எல்லாம் ஒரே கொட்டேஷன், ஒரே இன்வாய்ஸ். தனித்தனியாக வாங்கியிருந்தால் விலை குறைந்திருக்கும், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் பிரச்சினை வந்தால் கேட்க ஒரே ஆள் இருப்பார் என்றுதான் கூடுதலாகக் கொடுத்தோம். கொட்டேஷனில் உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள்: இரண்டு கேமராவும் கிக்இ விஷன் (நெட்வொர்க் கேபிள் வழியாகக் கேமராவை இணைக்கும் முறை), ஜென்ஐகேம் தரநிலைப்படி இயங்கும், உங்கள் மென்பொருளில் நேரடியாக இணையும், முழு ரெசல்யூஷனில் ஒவ்வொன்றும் வினாடிக்கு 20 படம் தரும். இந்த வாக்கியத்தை நாங்கள் கேட்டு எழுதச் சொல்லவில்லை. நீங்களாகவே எழுதினீர்கள்.

தீபாவளிக்கு முன்பு நீங்கள் காட்டிய டெமோவில் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. அது வேறு கேமரா, உங்கள் மடிக்கணினி. எங்களுக்கு வந்த பெட்டியைத் திறந்து, கேமராவை மாட்டி, மென்பொருளைத் திறந்தால் கேமரா பட்டியல் காலி. கேமரா தயாரிப்பாளர் தரும் இலவச வியூவரைத் திறந்தால் அதே கணினியில், அதே கேபிளில், அதே போர்ட்டில் படம் பளிச்சென்று வருகிறது.

இதைச் சொன்னதும் உங்கள் சப்போர்ட் எனிடெஸ்க்கில் (தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் செயலி) உள்ளே வந்து, ஃபயர்வாலை அணைக்கச் சொன்னது. சரி, ஃபயர்வால் புரோகிராமுக்குப் புரோகிராம் தனித்தனியாகத் தடுக்கக்கூடியது, அதனால் அந்தக் கேள்வி நியாயம்தான், அணைத்தோம். பட்டியல் காலி. அப்புறம் கேமராவின் ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது, நிலையான முகவரி கொடுங்கள் என்றார்கள், கொடுத்தோம், சப்நெட்டும் சரியாக வைத்தோம். அப்புறம் ஜம்போ ஃபிரேம், அதாவது நெட்வொர்க் பாக்கெட்டைப் பெரிதாக்கும் அமைப்பு. அப்புறம் கேபிளை மாற்றுங்கள். அப்புறம் விண்டோஸை மறுபடி போடுங்கள். வியூவரில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளை மாற்றச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது? தைப்பூசம் முடியட்டும் பார்க்கலாம் என்றீர்கள், அது முடிந்ததும் சீனப் புத்தாண்டு வந்துவிட்டது, உங்கள் அலுவலகம் பூட்டிக் கிடந்தது.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தது எங்கள் இளம் பொறியாளர். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் உங்கள் மென்பொருளின் பெயருக்குப் பக்கத்திலேயே 32 பிட் என்று எழுதியிருக்கிறது. கேமராவோடு வருகிற டிரைவரோ 64 பிட் மட்டும்தான். உங்கள் சப்போர்ட்டுக்கும் உதவட்டும் என்று கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். ஜென்ஐகேம் என்பது ஐரோப்பிய மெஷின் விஷன் சங்கமான இஎம்விஏ பராமரிக்கும் தரநிலை. அதில் ஜென்டிஎல் என்று ஒரு பகுதி இருக்கிறது. கேமரா தயாரிப்பாளர் சிடிஐ என்று முடியும் ஒரு கோப்பைத் தருவார், இந்தத் தரநிலையை ஏற்கும் எந்த மென்பொருளும் அந்தக் கோப்பை ஏற்றிக்கொண்டு அதன் வழியாகக் கேமராவோடு பேசலாம். பெயர்தான் சிடிஐ, உள்ளே அது சாதாரண டிஎல்எல் கோப்பு, அதாவது வேறு புரோகிராம்கள் ஏற்றிப் பயன்படுத்தும் விண்டோஸ் கோப்பு. அந்தக் கோப்பு கணினியில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்கள் உண்டு, ஒன்று 32 பிட்டுக்கு, மற்றது 64 பிட்டுக்கு. கேமராவின் இன்ஸ்டாலர் 64 பிட் வேரியபிளில் எழுதிவிட்டுப் போய்விட்டது. உங்கள் மென்பொருள் 32 பிட் வேரியபிளைத் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுகிறது. பாதையை நாங்கள் கையால் எழுதிக் கொடுத்தாலும் பயனில்லை, 64 பிட் டிஎல்எல்லை 32 பிட் புரோகிராம் ஏற்ற முடியாது, விண்டோஸ் விடாது.

கேமராவில் கோளாறு இல்லை என்பதற்கும் கையில் சான்று இருக்கிறது. ஹார்வெஸ்டர்ஸ் என்ற இலவச பைத்தான் நூலகத்தில் அதே சிடிஐ கோப்பைக் கொடுத்தோம், சில வரிகளில் படம் வந்துவிட்டது. காசு வாங்காதவன் செய்ததை உங்கள் மென்பொருள் செய்யவில்லை.

இதை எழுதி அனுப்பியபோது, கேமரா கம்பெனியிடம் 32 பிட் டிரைவர் கேளுங்கள் என்று பதில் வந்தது. கேமரா கம்பெனியிடம் கேட்டால், 32 பிட்டை நிறுத்திவிட்டோம், மென்பொருள் கம்பெனியிடம் கேளுங்கள் என்கிறார்கள். இரண்டு வீட்டிலும் தரகு வாங்கிக் கல்யாணத்தை முடித்து வைத்தவர், பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை என்றதும் சம்பந்தியைக் கேளுங்கள் என்று ஒதுங்குவது போல இருக்கிறது. இரண்டையும் சேர்த்து விற்றது நீங்கள் சார்.

அதற்கப்புறம் நீங்கள் சொன்னதுதான் உண்மையிலேயே எரிச்சல். 64 பிட் பதிப்பு இருக்கிறதாம், ஆனால் அது வேறு லைசென்ஸாம், அதற்குக் கேட்கும் தொகை ஒரு கேமராவின் விலையில் பாதிக்கு மேல். எங்களுக்கு விற்கும்போதே அந்தப் பதிப்பு உங்கள் கையில் இருந்திருக்கிறது. இந்தக் கேமராவுக்கு எது பொருந்தும் என்று தெரிந்து கொடுக்கத்தானே உங்களிடம் வந்தோம்.

சரி, சோதனைக்கு என்று ஒரு தற்காலிக 64 பிட் லைசென்ஸ் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. கேமரா பட்டியலில் வந்தது, படமும் வந்தது. ஒரு கேமரா என்றால் ஓடுகிறது. இரண்டாவதைத் திறந்ததும் படங்கள் உடைய ஆரம்பிக்கின்றன. இதற்கு எங்களிடம் கேமரா அமைப்பைச் சரிபாருங்கள் என்கிறீர்கள். அமைப்பில் ஒன்றும் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. ஒரு படம் 2448க்கு 2048 பிக்சல், மோனோ 8 என்றால் பிக்சலுக்கு ஒரு பைட், ஆக ஒரு படத்துக்குச் சுமார் 5 எம்பி. வினாடிக்கு 20 படம் என்றால் 100 எம்பி. இரண்டு கேமராவுக்கு 200 எம்பி. கிகாபிட் ஈதர்நெட்டின் மேல் எல்லையே வினாடிக்கு 125 எம்பிதான், நடைமுறையில் அதற்கும் குறைவு. நீங்கள் கொடுத்த கணினியில் கேமராவுக்கென்று இருப்பது ஒரே ஒரு கிகாபிட் போர்ட், இரண்டு கேமராவும் ஒரு ஸ்விட்ச் வழியாக அதில்தான் வந்து சேர வேண்டும். கணினியைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள், 20 படம் என்று எழுதியதும் நீங்கள்.

ஜம்போ ஃபிரேம் இதைத் தீர்க்காது. அது போட்டால் ஒரு படத்துக்கு 3,400 பாக்கெட் போவது சுமார் 560 ஆகக் குறையும், கணினிக்கு வேலை குறையும், அது நல்லதுதான், நாங்களும் போட்டிருக்கிறோம். ஆனால் அனுப்ப வேண்டிய பைட் அதேதான். நெட்வொர்க்கில் போவதைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பு என்று 3956 போர்ட்டில் கோரிக்கைகள் வரிசையாகப் போகின்றன, அந்த மறு அனுப்பல் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் வழியை இன்னும் நிரப்புகிறது. பதிவுக் கோப்பை இணைத்திருக்கிறேன், உங்கள் ஆட்களில் யாராவது ஒருவர் திறந்து பார்த்தால் போதும்.

ரெசல்யூஷனைப் பாதியாக்குங்கள் என்று உங்கள் சப்போர்ட் சொன்ன யோசனைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் இயந்திரம் பார்ப்பது சுருளிலிருந்து ஓடிவரும் கனெக்டர் பின்களை. 60 மில்லிமீட்டர் அகலத்தை 2448 பிக்சல் பார்க்கிறது. ஒரு பின் 0.1 மில்லிமீட்டர் வளைந்தால் படத்தில் அது நான்கு பிக்சல். பாதியாக்கினால் இரண்டு பிக்சல், வெளிச்சம் கொஞ்சம் ஆடினாலே விளிம்பு அதற்குள் நகர்ந்துவிடும். 5 மெகாபிக்சல் கேமரா வாங்கியதே அதற்காகத்தான். இல்லையென்றால் மலிவான கேமராவை வாங்கிவிட்டுப் போயிருப்போமே!

இதுவரை சொன்னதெல்லாம் பணமும் நேரமும். இனிமேல் சொல்லப்போவது வேறு மாதிரி, இதைத்தான் உங்கள் மேலிடம் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பாயான் லெப்பாஸிலிருந்து எங்கள் வாடிக்கையாளரின் பொறியாளர் பாலம் கடந்து பை-ஆஃப் செய்ய, அதாவது இயந்திரத்தைச் சோதித்து ஏற்றுக்கொள்ள வந்தார். வழக்கம்போல வேண்டுமென்றே ஒரு பின்னை வளைத்து வைத்த பட்டையை உள்ளே விட்டார். திரையில் படத்தின் கீழ்க் கால் பகுதி கறுப்பு. வளைந்த பின் இருந்தது அந்தக் கறுப்புக்குள்ளே. மேலே பச்சை எழுத்தில் ஓகே. அவர் ஒன்றும் பேசவில்லை, கைத்தொலைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் இப்போது அவர் மேலாளரிடம் இருக்கிறது.

பாக்கெட் தொலைவது எந்த நெட்வொர்க்கிலும் நடக்கும். கிக்இ விஷன் படத்தை யுடிபியில் அனுப்புகிறது, யுடிபி எதையும் உறுதி தராது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் ஜென்டிஎல்லில் படம் முழுமையாக வந்ததா இல்லையா என்று சொல்லவே ஒரு குறி வைத்திருக்கிறார்கள். ஹார்வெஸ்டர்ஸில் எடுத்துப் பார்த்தபோது கேமராவின் டிரைவர் அந்தக் குறியைச் சரியாகத்தான் தருகிறது. உங்கள் மென்பொருள் அதைப் படிப்பதில்லை, அல்லது படித்தும் கண்டுகொள்வதில்லை. வராத பகுதியைக் கறுப்பாக நிரப்பி, அதையே ஆய்வுக்குக் கொடுத்து, குறை எதுவும் தெரியவில்லை என்பதால் ஓகே என்று இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சிக்கு அனுப்பிவிடுகிறது. திரையில் எச்சரிக்கை இல்லை, லாக்கில் ஒரு வரி இல்லை. படம் வரவில்லை என்று இயந்திரத்தை நிறுத்தியிருந்தால்கூட மன்னிக்கலாம், பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு நல்ல பொருள் என்று சான்று கொடுப்பதை எப்படி மன்னிப்பது? இதே மென்பொருளை வேறு எத்தனை தொழிற்சாலைகளில் போட்டிருக்கிறீர்களோ, அங்கெல்லாம் இது தெரியுமா? அவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் போய்ச் சொல்வது அழகல்ல.

இப்போது எங்களுக்கு வேண்டியது இதுதான். 64 பிட் லைசென்ஸ் நிரந்தரமாக, கூடுதல் கட்டணம் இல்லாமல். கணினிக்கு, கேமராவுக்கு ஒரு போர்ட் என்று தனித்தனியாகக் கொடுக்கும் இரட்டைப் போர்ட் நெட்வொர்க் கார்டு, பொருத்தி, இரண்டு கேமராவையும் 20 படத்தில் ஒரு முழு ஷிஃப்ட் ஓட்டிக் காட்ட வேண்டும். முழுமையில்லாத படம் வந்தால் அதை ஆய்வுக்கு அனுப்பாமல் பிழை என்று பிஎல்சிக்குச் சொல்லும்படி மென்பொருளில் திருத்தம், அது எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுத்தில். இவை முடியாதென்றால் நான்கையும், அதாவது கேமரா, லென்ஸ், மென்பொருள், கணினி எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுங்கள். மென்பொருள் திறக்கப்பட்டதால் திருப்ப முடியாது என்று சொல்லாதீர்கள், திறக்காமல் அது இணையாது என்று எப்படித் தெரியும்?

கம்பெனிக்காக வாங்கிய பொருள் என்பதால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு நாங்கள் போக முடியாது, அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் 1957ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. எழுதிக் கொடுத்த விவரத்தோடு பொருள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது 15ஆவது பிரிவு, எந்த வேலைக்கு என்று சொல்லி வாங்கினோமோ அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 16ஆவது பிரிவு. உங்கள் கொட்டேஷனும், எங்கள் வேலை என்ன என்று சொல்லி நான் உங்களுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய கனெக்டர் பின்களின் படங்களும், அதற்கு நீங்கள் "பிரச்சினையே இல்லை" என்று போட்ட பதிலும் பத்திரமாக இருக்கின்றன. வழக்குக்குப் போக எனக்கு ஆசை இல்லை. இந்த ஊரில் இயந்திரம் கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிவார்கள், நாளைக்கும் நாம் முகம் பார்த்தாக வேண்டும்.

மீதமுள்ள கடைசித் தவணையை இந்த வேலை முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறோம், கணக்குப் பிரிவிலிருந்து தினமும் ஃபோன் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் வேண்டும், எனிடெஸ்க்கில் அல்ல, ஆள் நேரில் வர வேண்டும். விற்பனைத் தம்பியை அனுப்பாதீர்கள், பாவம் அவருக்கு ஒன்றும் தெரியாது, டிரைவர் எழுதத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். இயந்திரம் புக்கிட் மின்யாக்கில்தான் நிற்கிறது, வார நாள் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை எப்போதும் வரலாம், சனிக்கிழமை அரை நாள். வருவதற்கு முதல் நாள் எனக்குச் செய்தி போட்டால் காவலரிடம் பெயர் கொடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
இயந்திரக் கட்டுமானப் பிரிவுப் பொறுப்பாளர்

இணைப்பு: கொட்டேஷன், இன்வாய்ஸ், வயர்ஷார்க் பதிவு, உடைந்த படங்கள், பை-ஆஃப் அன்று எடுத்த திரையின் படம்