சூத்திரத்துக்கு முன் விசைப்படம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இயற்பியல் கணக்குகள் விடையோடு வருவது பயனுள்ள பணி. ஆனால் பதினொன்றாம் வகுப்பின் ‘இயக்க விதிகள்’, ‘வேலை, ஆற்றல் மற்றும் திறன்’ ஆகிய இரண்டு அலகுகளுக்கும் வரும் விடைகள் சூத்திரத்தை எழுதி, எண்களைப் போட்டு, விடையைச் சொல்லி முடிந்துவிடுகின்றன. பெருக்கலிலோ வகுத்தலிலோ தவறுகிற மாணவர்கள் குறைவு. எந்தப் பொருளின் மேல் எந்தெந்த விசைகள் எந்தத் திசையில் செயல்படுகின்றன என்று பார்க்காமலே சூத்திரத்துக்குத் தாவுவதில்தான் மதிப்பெண் போகிறது. அந்த இடத்தைக் காட்டும் விசைப்படம், அதாவது பொருளைத் தனியே வரைந்து அதன் மேலுள்ள விசைகளை அம்புக்குறிகளாகக் காட்டும் படம், அச்சில் இல்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கிடைத்தளத் தரையில் 20 கிலோ பெட்டி. கிடைமட்டத்துக்கு மேல் 37 டிகிரி கோணத்தில் கயிறு கட்டி 100 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். இயக்க உராய்வுக் குணகம் (நகரும்போது உராய்வு, தரை தரும் செங்குத்து விசையில் எத்தனை பங்கு என்ற எண்) 0.3. ஓய்விலிருந்து கிளம்பி 5 மீட்டர் நகர்ந்ததும் வேகம் என்ன? புவியீர்ப்பு முடுக்கம் 10, சைன் 37 என்பது 0.6, காஸ் 37 என்பது 0.8 என்று கொள்ளலாம்.

படம் போடாத மாணவர் எழுதுவது இது: எடை 200 நியூட்டன், ஆகவே உராய்வு 0.3 × 200 = 60 நியூட்டன். இழுவிசையின் கிடைக்கூறு, அதாவது தரையோடு இணையாக இழுக்கும் பகுதி, 100 × 0.8 = 80. மிச்சம் 20 நியூட்டன், முடுக்கம் 1. பார்க்கச் சுத்தமான விடை, ஆனால் தவறு. உராய்வைத் தீர்மானிப்பது எடை அல்ல, தரை பெட்டியின் மேல் தரும் செங்குத்து விசை. படத்தில் பெட்டியை மட்டும் தனியே வரைந்து நான்கு அம்புக்குறி போட்டால் இது தானாகவே தெரியும்: கீழ்நோக்கி எடை 200, மேல்நோக்கித் தரையின் விசை, பின்நோக்கி உராய்வு, சாய்வாகக் கயிற்றின் இழுவிசை. கயிறு பெட்டியை 100 × 0.6 = 60 நியூட்டன் அளவுக்கு மேலே தூக்கவும் செய்கிறது. ஆகவே தரை தாங்க வேண்டியது 140 மட்டுமே. உராய்வு 42, நிகர விசை 38, முடுக்கம் 1.9 மீட்டர்/வினாடி². கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்.

இப்போது வேலையைப் பார்ப்போம். கயிறு செய்யும் வேலை 80 × 5 = 400 ஜூல். உராய்வு செய்வது மைனஸ் 210. எடையும் செங்குத்து விசையும் இடப்பெயர்ச்சிக்குச் செங்குத்தாக இருப்பதால் அவற்றின் பங்கு சுழி. நிகர வேலை 190 ஜூல். அதுவே இயக்க ஆற்றல். அதிலிருந்து வேகத்தின் இருமடி 19, வேகம் 4.36 மீட்டர்/வினாடி. முடுக்கம் 1.9 என்பதை வைத்து இயக்கச் சமன்பாட்டில் கணக்கிட்டாலும் 2 × 1.9 × 5 = 19 தான். இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது. விடைகளில் இதை ஒரு வரியாகவாவது சேர்க்க வேண்டும்.

இதே பெட்டியை அதே 100 நியூட்டனால், அதே கோணத்தில் கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளினால் என்ன ஆகும்? செங்குத்து விசை 260, உராய்வு 78, மிச்சம் வெறும் 2 நியூட்டன். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் பொதுவாக இயக்க உராய்வுக் குணகத்தைவிடச் சற்று அதிகம் என்பதால், நின்றிருக்கும் பெட்டி நகராமலே போகலாம். இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவரால் கண்டுபிடிக்க முடியாது.

திறன், அதாவது ஒரு வினாடிக்குச் செய்யும் வேலை, கேட்டால் இன்னொரு குழப்பம். 5 மீட்டர் முடிகிற அந்தக் கணத்தில் கயிற்றின் திறன் 80 × 4.36, அதாவது சுமார் 349 வாட். சராசரித் திறனோ 400 ஜூலை 2.29 வினாடியால் வகுத்தது, சுமார் 174 வாட். ஓய்விலிருந்து சீரான முடுக்கம், மாறாத விசை என்றால் ஒன்று மற்றொன்றில் சரிபாதி. நீட் போன்ற தேர்வுகளில் இரண்டு எண்ணும் விடைத் தெரிவுகளாக நிற்கலாம். தவறானதைத் தொட்டால் நான்கு மதிப்பெண் கிடைக்காததோடு ஒரு மதிப்பெண்ணும் குறையும்.

சீரான வேகத்தில் செல்லும் கார் கணக்கில் நிகர விசை சுழி. அதனால் எஞ்சினின் திறனும் சுழி என்று எழுதுபவர்கள் உண்டு. 500 நியூட்டன் தடையை எதிர்த்து மணிக்கு 72 கிலோமீட்டரில் ஓடும் காருக்கு 500 × 20 = 10,000 வாட் தேவை. 72-ஐ 3.6-ஆல் வகுக்க மறந்தால் 36,000 வரும். அதுவும் ஒரு காருக்கு நம்பக்கூடிய எண்ணாக இருப்பதால் தவறு கண்ணில் படாது. ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதினால்தான் இது பிடிபடும்.

மோட்டார் கணக்குகளை நம் வீட்டு அளவுகளிலேயே தரலாம். 1,000 லிட்டர் தண்ணீரைக் கிணற்றிலிருந்து மொத்தம் 20 மீட்டர் ஏற்ற 2,00,000 ஜூல் வேண்டும். 1 குதிரைத்திறன் மோட்டார் (746 வாட்), பம்பின் பயனுறுதிறன் 50 சதவீதம் என்றால் தண்ணீருக்குப் போய்ச் சேர்வது 373 வாட். சுமார் 9 நிமிடம் ஆகும். பெருக்க வேண்டிய 0.5-ஆல் வகுத்துவிட்டால் இரண்டேகால் நிமிடம் என்று வரும். தொட்டி நிரம்புவதைப் பார்த்த பிள்ளைக்கு அது நடக்காது என்று உடனே தெரியும். உயரத்தைத் தரையிலிருந்து அல்ல, கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள குதிரைத்திறன் அதன் தண்டு வெளியே தரும் திறன். அது மின்சாரமாக இழுப்பது அதைவிட அதிகம். மின்கட்டணக் கணக்கு போடும்போது இது முக்கியம்.

ஆகவே ஆசிரியர் குழுவிடம் என் வேண்டுகோள்: ஒவ்வொரு விடையும் விசைப்படத்தோடு தொடங்கட்டும். வரிக்கு வரி அலகு இருக்கட்டும். மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறான விடை ஒன்றையும், அது ஏன் தவறு என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இடம் போதாதென்றால் வாரத்துக்கு ஒரு கணக்கு வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்பு இயற்பியல் ஆசிரியர்,
மன்னார்குடி