காந்தம் விடும் இடம்

அன்பு மகளுக்கு,

குடியாத்தத்திலிருந்து அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. "தாத்தா சொன்னதைத்தான்ப்பா எழுதினேன், தப்புன்னு சுழிச்சுட்டாங்க" என்றாய். சுத்த இரும்பு எந்தச் சூட்டில் காமாவாக, அதாவது அணுக்கள் வேறு அடுக்கில் நிற்கும் இரும்பாக, மாறும் என்று கேட்டதற்கு, காந்தம் ஒட்டாமல் போகிற 770 டிகிரி என்று எழுதியிருக்கிறாய். விடை 912. சுழித்தது நியாயம்தான் கண்ணு. ஆனால் தாத்தா சொன்னதிலும் பிழை இல்லை. அவர் சொன்னதில் பாதியை உனக்குச் சொல்லாமல் விட்டவன் நான்.

பட்டறை உனக்கு ஞாபகம் இருக்கும். அக்னி நட்சத்திர வெயிலிலும் தாத்தா ஜன்னலுக்குச் சாக்கு கட்டி இருட்டாக்கித்தான் துவைச்சல் பிடிப்பார், அதாவது சூடான இரும்பைத் தோய்த்து விறைக்க வைப்பார். வெளிச்சத்தில் இரும்பின் நிறம் பொய் சொல்லும் என்பார். லாரி பட்டையில், அதாவது லாரியின் ஸ்பிரிங் பட்டையில், அடித்த கொடுவாள் உலையில் மாதுளம் முத்து நிறத்துக்கு வந்ததும், கம்பி நுனியில் கட்டிய காந்தத்தைக் காட்டுவார். ஒட்டினால் திரும்ப உலைக்குள். ஒட்டாமல் நழுவினால், துருத்தியை இன்னும் நாலு இழுப்பு இழுத்து, அப்புறம் எண்ணெயில் தோய்ப்பார். நீ அவர் மடியில் உட்கார்ந்து பார்த்தது இதைத்தான்.

1989-இல் எனக்குப் பத்தொன்பது வயசு. தாத்தா ஊரில் இல்லாத நாளில், கட்டடக் கம்பி மலிவாகக் கிடைத்ததென்று பன்னிரண்டு அரிவாள் அடித்தேன். காந்தம் விட்டதும் தோய்த்தேன். ஒன்றுகூட விறைக்கவில்லை, கரும்பில் வைத்ததும் வாய் மடங்கிவிட்டது. தாத்தா வந்து ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "காந்தம் பட்டைக்குடா, கம்பிக்கு இல்ல" என்றார். "ஏன் நைனா?" என்று கேட்டேன். "அது வேற ஜாதி இரும்பு" என்றார், அவ்வளவுதான். அந்த 'ஏன்' எனக்கு விளங்கியது, ராணிப்பேட்டையில் உலை வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆன பிறகு.

லாரி பட்டையில் கரி, அதாவது கார்பன், ஏறக்குறைய 0.6 சதவீதம். அது 727 டிகிரியில் மாற ஆரம்பித்து, 760 பக்கம் போகும்போதே முழுக்கக் காமாவாகிவிடும். காமாவிடம் காந்தம் ஒட்டாது. அதனால் பட்டையில் காந்தம் விட்டது என்றால் மாற்றம் முடிந்தது என்று அர்த்தம். அந்த நாலு இழுப்பு, உள்ளே ஆழம் வரை சூடு சேர்வதற்கு. கட்டடக் கம்பியில் கரி 0.2 சதவீதம்தான். அது முழுக்க மாற 850 பக்கம் போக வேண்டும். ஆனால் அதற்குள், மாறாமல் மிச்சமிருக்கிற ஆல்ஃபாவும் (இரும்பின் பழைய, சாதாரண அடுக்கு) 770-இலேயே காந்தத்தைத் தொலைத்துவிடும். காந்தம் விட்டாலும் அணுக்கள் பழைய அடுக்கிலேயே நிற்கும். கரியும் போதாது, மாற்றமும் பாதி. என் அரிவாள் எப்படி விறைக்கும்? கரியே இல்லாத சுத்த இரும்பில் அந்த இடைவெளி இன்னும் அகலம், 770-லிருந்து 912 வரை. நீ விழுந்த பள்ளம் அது.

உன்னைவிடப் பெரியவர்களும் அதே இடத்தில் இடறியிருக்கிறார்கள். பிரான்சு நாட்டு ஆஸ்மான், காந்தம் போன இரும்பைத் தனி வகை என்று நினைத்து பீட்டா என்று பெயர் வைத்தார். 1920-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் வெஸ்ட்கிரன் சூடான இரும்பில் எக்ஸ்-ரே விட்டுப் பார்த்தபோது, பீட்டாவின் அடுக்கும் ஆல்ஃபாவின் அடுக்கும் ஒன்றே என்று தெரிந்தது. ஆல்ஃபாவுக்கு அடுத்து காமா என்று உன் புத்தகம் ஓர் எழுத்தைத் தாண்டிக் குதிப்பது அதனால்தான்.

காமாவை நீ மனசில் நன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஆல்ஃபாவில் கனசதுரத்தின் எட்டு மூலையிலும் ஓர் அணு, நடுவில் ஒன்று. காமாவில் நடு காலி, ஆறு முகத்திலும் ஒவ்வொன்று. அடைசல், அதாவது அணுக்கள் அடைத்துக்கொள்ளும் இடம், 68 சதவீதத்திலிருந்து 74-க்கு ஏறுகிறது. சூடேறினால் விரிகிற இரும்பு, அந்த 912-இல் மட்டும் சுருங்குவது இதனால்தான். இவ்வளவு நெருங்கியும், கரி உட்காரும் பொந்து காமாவில்தான் பெரிசு. ஆல்ஃபா அதிகபட்சம் 0.02 சதவீதம் கரியை ஏற்கும், காமா 2 சதவீதத்துக்கு மேல். அப்படி ஏறின கரி வெளியேற நேரம் தராமல் சட்டென்று குளிர வைப்பதுதான் துவைச்சல். மாட்டிக்கொண்ட கரிதான் கொடுவாளின் கடினம்.

அம்மாவின் எவர்சில்வர் குடத்தில் நீ சின்ன வயசில் காந்தம் ஒட்டவில்லை என்று கத்தினாயே, அதுவும் காமாதான். நிக்கல் சேர்த்ததால், உலைச் சூட்டில் இருக்க வேண்டிய அடுக்கு நம் சமையலறையில் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இன்றைக்கும் அது அதிசயம்.

டெல்டாவை உலையில் நான் பார்த்ததில்லை. 1394-க்கு மேல் இரும்பு திரும்பவும் ஆல்ஃபாவின் அடுக்குக்கே போய், 1538-இல் உருகுகிறது. ஆனால் எவர்சில்வர் வெல்டிங்கில் கொஞ்சம் டெல்டா தங்கினால்தான் சூட்டில் விரிசல் விடாது என்று ராணிப்பேட்டை வெல்டர்களிடம் கற்றேன்.

தாத்தாவின் காந்தத்தைத் துணியில் சுற்றி இன்று பார்சல் போட்டிருக்கிறேன். முறுக்குப் பொட்டலத்துக்குக் கீழே இருக்கும். லேபில் அனுமதி வாங்கி, ஒரு சுத்த இரும்புத் துண்டையும் ஒரு பட்டைத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சூடேற்றிப் பார். எது எந்தச் சூட்டில் விட்டது என்று எனக்கு எழுது. அந்தக் கம்பி நுனி கருகித்தான் இருக்கும், மாற்றிவிடாதே. அது அவர் கட்டிய கட்டு.

அன்புடன்,
அப்பா